ஓனுகியின் காலைச் சாப்பாடு

எனக்கு மகன் இல்லை. என் மகள் ஷிஹோவை மணப்பவன் எங்கள் மினோவா என்ற குடும்பப் பெயரை ஏற்று, வீட்டோடு மாப்பிள்ளையாக வரவேண்டும். இல்லாவிட்டால் அரிசி மதுவான சாகே காய்ச்சும் எங்கள் ஆலையின் பெயர் என்னோடு முடிந்துவிடும். அவள் விரும்பும் தகுமா சம்மதித்துவிட்டான். அவன் தந்தை ஓனுகிதான் பிடிகொடுக்கவில்லை. மகனைக் கொடுக்கும் இடத்தில் தானும் ஒருநாள் வேலை செய்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகச் சொல்லி, கடும் பனியில் தன் ஊரான மீத்தோவிலிருந்து வந்து சேர்ந்தார்.

சாகே செய்யும் மாதங்களில் எங்கள் ஆலையில் யாரும் நாட்டோ தொடமாட்டோம். நூல் நூலாக இழுபடும் அந்தப் புளித்த சோயாப் பயறு மீத்தோக்காரர்களுக்கு உயிர். அதனால் அவர் தங்கிய விடுதியில் அதைப் பரிமாற வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அவரிடம் நேரில் சொல்லவில்லை. விருந்தாளியின் சாப்பாட்டில் தலையிடுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல.

மறுநாள் காலை ஆலையில் அரிசி வெந்து ஆவி கூரையை முட்டியது. வெள்ளை அங்கி அணிந்து ஓனுகி வாசலுக்கு வந்தார்; தகுமா முன்னமே வந்து உள்ளே அரிசி அள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே வருகிற எல்லாரிடமும் கேட்பதுபோலத் தலைமைக் கைவினைஞர் இகராஷி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

“விடுதியில வெறும் மீன்தான் வச்சாங்க. நல்லவேளை, ஊர்லேர்ந்தே ஒரு பொதி நாட்டோ கொண்டாந்திருந்தேன். அது இல்லாம எனக்குப் பொழுது விடியாது.”

இகராஷி என்னைப் பார்த்தார். ஷிஹோ தலையைக் குனிந்துகொண்டாள். அன்று கோஜி அறையில், வெந்த அரிசிமேல் சாகேவுக்கான கோஜிப் பூஞ்சையைத் தூவும் நாள்.

“மன்னிக்கணும். நீங்க உள்ள வரமுடியாது,” என்றேன்.

ஓனுகியின் முகம் சிவந்தது. “பெத்த புள்ளையவே உங்க பேருக்கு எழுதித் தரச்சொல்லிக் கேக்கறீங்க. என்னை வாசல்ல நிறுத்தறீங்களா?”

“நானே சாப்பிட்டிருந்தாலும் இகராஷி என்னை இங்கதான் நிறுத்துவார்.”

இகராஷி அவரிடம் தணிவாகப் பேசினார். பயற்றின் மேல் குற்றமில்லை. அதிலுள்ள கிருமி கொதிநீரிலும் சாகாது. கோஜி அறைக்குள் நுழைந்துவிட்டால் அரிசி வழவழத்துப்போய் அந்தப் பருவத்துச் சரக்கே பாழாகும் என்றார்.

ஓனுகி மகன் பக்கம் திரும்பினார்.

“ஏண்டா, இலையுதிர் காலத்திலேர்ந்து வயிறு சரியில்ல, நாட்டோ வேணாம்னு சொன்னியே?”

தகுமாவின் காதுகள் சிவந்தன. “வயிறு நல்லாத்தான் இருக்குப்பா.”

எனக்கும் அது புதிய செய்தி. நான் அவனிடம் அப்படி எதுவும் கேட்டதில்லை. இன்னும் எங்கள் பெயரை ஏற்காதவன், யாருக்கும் தெரியாமல் எங்கள் கட்டுப்பாட்டைக் காத்திருக்கிறான்.

ஓனுகி அங்கியைக் கழற்றி, வாசலுக்கு வெளியிலேயே மடித்து வைத்தார். “நாட்டோவையே விட்டுட்டான். இனி ஓனுகிங்கிற பேரை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறான்? நீங்களே வச்சுக்கங்க.” பிறகு என்னை முறைத்தார். “வேலை செய்ய வந்தேன். வெளியிலயாவது ஏதாச்சும் குடுங்க.”

முற்றத்தில் இடுப்பளவு பனி கிடந்தது. ஒரு மண்வாரியைக் கொடுத்தேன். தகுமா அரிசியோடு கோஜி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் இன்னொரு மண்வாரியை எடுத்துக்கொண்டு என் சம்பந்தியின் பக்கத்தில் போய் நின்றேன்.

“இந்த வயசுல நீங்க எதுக்கு?” என்றார்.

“உங்களைவிட ரெண்டு வயசு சின்னவன்,” என்றேன்.