மழைநாள் எடை

நீலாவதியை நிறுக்கிற அளவுக்குத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் தராசு இல்லை. இருந்த கண்ணாடித் தராசில் அவள் ஏறி நின்றால் எண் ஓடும், ஓடும், பிறகு இரண்டு கோடுகளை மட்டும் காட்டிவிட்டு அணைந்துபோகும்.

"தராசுக்கே மயக்கம் வந்துருச்சு லா" என்பான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு இறங்குவாள். சிரிக்காவிட்டால் அவன் இன்னொன்று சொல்லுவான்.

அங்கே எதற்குப் போனாலும் ஒரே பதில்தான். முழங்கால் வலியா, உடம்பைக் குறை. இருமலா, உடம்பைக் குறை. ஒருமுறை மெஷின் கத்தி விரலில் பட்டுத் தையல் போடப் போனபோதும், தையலைப் போட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னார்கள். கத்திக்கு என் உடம்பு எப்படித் தெரியும் என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

தொப்புளுக்கு மேலே ஒரு வீக்கம் தள்ளிக்கொண்டு வந்தது அதற்கப்புறம். முதலில் எலுமிச்சை அளவு. படுத்தால் உள்ளே போய்விடும், கொழுந்து மூட்டையைத் தூக்கினால் வெளியே வந்துவிடும். குடல் இறக்கம், ஆப்பரேஷன் செய்துதான் ஆகவேண்டும், ஆனால் இந்த எடையோடு செய்ய முடியாது, குறைத்துக்கொண்டு வா என்று கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியே இரண்டு தீபாவளி போயிற்று. எலுமிச்சை ஆரஞ்சாயிற்று. அவள் ஒரு பழைய சேலையைக் கிழித்து வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கினாள். புருஷன் ராஜு கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். லோரியில் ஏறும்போதெல்லாம், "ஆப்பரேஷன் என்னாச்சு?" என்று கேட்பான். "ஒடம்பு கொறையணுமாம்" என்பாள். அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிடுவான்.

அந்த மழைக்காலத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் சசிரேகா வந்தார். பருத்த உடம்புக்காரர்கள் தோட்டங்களில் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு வைத்தியம் எப்படி நடக்கிறது என்று யுனிவர்சிட்டிக்காக ஆராய்ச்சி. சின்ன வயசு, மெல்லிய குரல். நீலாவதி வந்து உட்கார்ந்ததும் அவர் நாற்காலியை மாற்றிப் போடச் சொன்னார், கைப்பிடி இல்லாத நாற்காலியாக. அதை நீலாவதி கவனித்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. படுத்தால் உள்ளே போகிற வீக்கம், தள்ளிப்போகிற ஆப்பரேஷன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

"அக்கா, நான் சொல்ற மாதிரி சாப்பாட்ட மாத்துங்க" என்றார் டாக்டர். "அடுத்த தடவ நான் வரப்ப வெயிட் எறங்கியிருந்தா, நானே பெரிய ஆஸ்பத்திரியில பேசி ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கித் தரேன்."

"நெஜமாவா டாக்டர்?"

"நெஜமாத்தான். இப்ப மொதல்ல வெயிட் பாக்கணும்."

அங்கேதான் தராசுச் சிக்கல் வந்தது. கிளினிக்குத் தராசு வழக்கம்போல இரண்டு கோடுகளைக் காட்டிவிட்டு அணைந்தது. டாக்டர் யோசித்துவிட்டு, கொழுந்து நிறுக்கிற தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நீலாவதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஆனாலும் தேதி என்ற ஒரு வார்த்தை காதில் நின்றது. போனாள்.

நிறுவைக் கொட்டகையில் அப்போது கொழுந்து இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ் ஆட்கள் பாதி, வங்காளதேசத்துப் பையன்கள் பாதி, எல்லாரும் மூட்டையோடு வரிசையில். தூறல் விடவில்லை. நீலாவதி மழைக்கோட்டும் பூட்ஸுமாகச் சொட்டச் சொட்ட நின்றாள். தராசுக்கு அந்தப் பக்கம் கங்காணி பக்கிரிசாமி. எண் தெரிகிற கண்ணாடி அவர் பக்கம்தான் பார்த்திருக்கும். அவர் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவார், கணக்கெழுதுகிற கிராணி எழுதிக்கொள்ளுவார். வருஷக்கணக்காக நடக்கிற முறை அது.

"பக்கிரி அண்ணே, கொழுந்து பெரிய கொழுந்தா வந்திருக்கு, பாத்து நிறுங்க" என்று எவனோ சொன்னான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"வாய மூடுறா. ஒன்ன நிறுத்தா குப்பைக் கணக்குலதான் எழுதணும்" என்றார் பக்கிரிசாமி. பிறகு அவளிடம், "ஏறும்மா, இதுல என்ன இருக்கு" என்றார்.

அவள் ஏறினாள். டாக்டர் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தார். தான் பார்த்தால் அவள் கூச்சப்படுவாள் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். பக்கிரிசாமி எண்ணைச் சொன்னார். டாக்டர் திரும்பாமலே எழுதிக்கொண்டார். எல்லாரும் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. "அவ்ளோதானா?" என்று யாரோ ஏமாந்த குரலில் கேட்டது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டை அவளோடு மெஷின் பிடிக்கிற அன்பரசிதான் கூட இருந்து பார்த்தாள். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் செடிவரிசைக்கு இரண்டு பக்கமும் பிடித்து நடக்க வேண்டும். பசியில் ஒருத்தி கை தளர்ந்தால் மற்றவளுக்கு உடனே தெரிந்துவிடும். பத்து மணிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நீலாவதி அவித்த கோபிஸ் இலையும் ஒரு முட்டையும் வைத்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, ஒரு வாய் சோறு எடுத்துக்க. யாரு பாக்கப் போறா?"

"தராசு பாக்கும்டி."

"தராசுக்கு வாயா இருக்கு?"

"எனக்குன்னா அதுக்கு வாய் வந்துரும்."

சீனி போட்ட தே தாரிக் டீ போயிற்று, ராத்திரிச் சோறு போயிற்று. கோயில் திருவிழாவில் பொங்கலை நெற்றியில் ஒற்றிக்கொண்டு அன்பரசியின் கையில் கொடுத்தாள். வேலைக்குப் போடுகிற காற்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டாள். பிறகு ஊக்கையும் தள்ளிக் குத்தினாள். கீழே மூட்டைக்குக் குனியும்போது வயிறு வலித்தது, ஆனாலும் ஊக்கைத் தொட்டுப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு தெம்பு.

வெயில் காலத்தில் டாக்டர் திரும்ப வந்தார். கொட்டகை காய்ந்து கிடந்தது. நீலாவதி வேலைக்குப் போடுகிற அதே கோட்டும் பூட்ஸுமாக ஏறி நின்றாள். பக்கிரிசாமி கண்ணாடியைப் பார்த்தார், எண்ணைச் சொன்னார். டாக்டர் இந்தத் தடவையும் மலையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதினார். எழுதிவிட்டுப் பழைய எண்ணைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏறியிருக்கு அக்கா. கொஞ்சந்தான். ஆனா ஏறியிருக்கு."

"இல்ல டாக்டர், நான் சாப்புடலயே."

"பரவாயில்ல. கஷ்டந்தான், எனக்குப் புரியுது."

"ஊக்கு பாருங்க டாக்டர், துணி நிக்க மாட்டேங்குது..."

டாக்டர் ஊக்கைப் பார்த்தார், தலையாட்டினார். கூட வந்த உதவியாளப் பெண் இன்னொருத்தியிடம் மலாயில் மெல்லச் சொன்னது நீலாவதிக்குக் கேட்டது. எல்லாரும் இதையேதான் சொல்வார்கள், வீட்டில் ஒளித்துச் சாப்பிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். மலாய் தெரியாது என்று நினைத்துவிட்டாளோ என்னவோ. டாக்டர் அவளை அதட்டவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குத் திரும்பிப் போனார். தேதி இல்லை.

நீலாவதி அழவில்லை. வேலை நேரம் முடியவில்லை, அன்பரசி மெஷினோடு காத்திருந்தாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, "நான் திருடித் தின்னுட்டேனாம்" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானத்துக்கு மேல் திடீரென்று மலையில் மப்புக் கட்டி ஒரு பாட்டம் மழை அடித்தது. நனைந்த மூட்டையை அவள்தான் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் வயிற்றுக்குள் எதுவோ சுண்டி இழுத்தது. நின்று மூச்சு வாங்கினாள். கட்டிய துணிக்கு அடியில் வீக்கம் கல்லாக இருந்தது. கொட்டகைக்கு வந்து மூட்டையைத் தராசில் வைத்தாள்.

பக்கிரிசாமி கண்ணாடியைப் பார்த்தார். வாயைத் திறக்குமுன் வழக்கம்போல மூட்டையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். "ஈரத்துக்குப் போத்தோங்" என்று தனக்குத்தானே முனகிவிட்டு எண்ணைச் சொன்னார். மழை நாளில் கொழுந்தோடு வருகிற தண்ணீருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் சொல்லுவார். அதை யாரும் கேட்பதில்லை, மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல அதுவும் ஒன்று.

நீலாவதி மூட்டையை எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"எடும்மா, பின்னால ஆளு நிக்குது."

"அண்ணே. அன்னைக்கு மொத தடவ என்ன நிறுத்தப்ப மழ தான?"

"ஆமா, செம மழ."

"கோட்டு, பூட்ஸ் எல்லாம் நனஞ்சிருந்துச்சே."

"ஆமாம்மா. அதான் கழிச்சுச் சொன்னேன்." பக்கிரிசாமி பெருமையாகவே சொன்னார். "அதோட இத்தன பேரு பல்லக் காட்டிட்டு நிக்கிறான்களேன்னு கூடக் கொஞ்சம் போத்தோங் பண்ணேன். ஒம்மேல எனக்கென்ன பகையா?"

"இன்னைக்குக் காலைல?"

"இன்னைக்குக் காலைல வெயிலு. எதுக்குக் கழிக்க?"

அன்பரசி வாயில் கை வைத்தாள். நீலாவதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கையில் வயிறு வலித்தது, மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, வாங்க. டாக்டர் கிட்டச் சொல்லுங்க."

"ஐயையோ, நானா? நிறுக்கத் தெரியாதவன்னு கிராணி முன்னால பேராயிடும். வேணாம்மா."

"அவங்க என்ன ஒளிச்சுத் தின்றவள்னு சொல்லிட்டாங்க அண்ணே."

பக்கிரிசாமி கிராணியை ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி உதறிவிட்டுக் கிளம்பினார்.

கிளினிக்கில் அவர் சொன்னதை டாக்டர் இரண்டு முறை கேட்டார்.

"எவ்வளவு கழிச்சீங்க?"

"கைக்கு வந்தது டாக்டர்."

"ஏதாவது கணக்கு இருக்கும்ல?"

"கொழுந்துன்னா ஒரு மாதிரி தெரியும். ஆள நான் நிறுத்தது இல்லையே."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். முதல் எடை என்னவென்று இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. வழியில்லாவிட்டால் இறங்கியதா ஏறியதா என்றும் சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கு இவள் ஆக மாட்டாள், பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எடுத்துக்குங்க டாக்டர்" என்றாள் நீலாவதி. அவள் நாற்காலியில் உட்காரவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முகத்தில் வேர்த்திருந்தது. "பேரு போனாப் போவுது. வயித்தக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அப்போதுதான் டாக்டர் அவள் நிற்கிற நிலையைப் பார்த்தார். பக்கிரிசாமியை வெளியே அனுப்பிவிட்டு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார். சேலைத் துணியை அவிழ்த்தார். கிளினிக்கிலும் சரி, பெரிய ஆஸ்பத்திரியிலும் சரி, வீக்கம் ஆரஞ்சான பிறகு அவள் வயிற்றில் யாரும் கை வைத்ததில்லை. டேப்பால் சுற்றளவு எடுத்திருக்கிறார்கள், அதுவும் துணிமேல். டாக்டரின் கை ஜில்லென்று இருந்தது. மெல்ல அழுத்தினார்.

"படுத்தா உள்ள போகும்னு சொன்னீங்களே."

"இன்னைக்குப் போவல டாக்டர்."

"வாந்தி?"

"வரும்போல இருக்கு."

டாக்டர் மறுபடி அழுத்தவில்லை. போனை எடுத்தார். அவர் மலாயில் பேசியது நீலாவதிக்கு முழுக்கப் புரிந்தது. குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது, இப்போதே அனுப்புகிறேன், ஆட்களைத் தயாராக வைத்திருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. டாக்டர் மேசைமேல் இருந்த இரண்டு எண்களையும் பார்த்தார், தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எடை தெரியாது" என்றார். "எதுவாக இருந்தாலும் இன்றைக்கே செய்தாக வேண்டும்."

ஆம்புலன்ஸ் ரிங்லெட் ஊரைத் தாண்டி வளைவு வளைவாக இறங்கியது. அன்பரசி கூடவே வந்தாள், ராஜுவுக்குப் போன் போட்டுக்கொண்டே. வழியில் கியா பார்மில் நெரிசலாம், லோரியைத் திருப்ப முடியவில்லையாம், எப்படியும் வந்துவிடுகிறேன் என்றானாம். ஒவ்வொரு வளைவிலும் நீலாவதி பல்லைக் கடித்தாள். ரெண்டு வருஷமாகக் கேட்ட தேதி இன்றைக்குத்தான் போலிருக்கிறது என்றாள். அன்பரசி பேசாமல் இருக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்து நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. மயக்க மருந்துக்கு எடை சரியாகத் தெரிய வேண்டுமாம். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி அவளை மேலே தள்ளி நிறுத்திவிட்டு, மரியாதைக்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மிஸ்ஸி, கொஞ்சம் இருங்க" என்றாள் நீலாவதி. ஈரக் கோட்டை இழுத்துக் கழற்றினாள். பூட்ஸ் வரவில்லை, அன்பரசி மண்டியிட்டு உருவினாள். இரண்டையும் தராசுக்கு வெளியே போட்டார்கள்.

"இப்பப் பாருங்க. நீங்களே பாத்து எழுதுங்க."

மிஸ்ஸி திரும்பி எண்ணைப் பார்த்தாள். எழுதினாள். பக்கிரிசாமி காலையில் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. கோட்டும் பூட்ஸும் போன குறைவுதான் அது என்று நீலாவதிக்குத் தெரியும். கதவு திறந்தது, உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.