வேலியோரப் பழம்

தையல்காரியின் தோட்டத்தில் இருந்த அந்தப் பழப்புதர் வருஷாவருஷம் செத்துப் பிழைக்கும். குளிர் வந்தால் ஓர் இலை நிற்காது, வெறும் குச்சிதான். "பிடுங்கி எறி" என்பான் பஸ் ஓட்டும் கணவன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கிழட்டுத் தண்டுகளை அடியோடு வெட்டி, தூரில் மட்கிய குப்பையைப் போட்டுப் பிள்ளைபோலப் பார்த்தாள். இந்த வருஷம்தான் புதர் மனம்வைத்தது. கறுப்புப் பழங்கள் சரஞ்சரமாய்த் தொங்கின.

ஜாம் கிண்டலாம் என்று உட்கார்ந்தால் பழம் போதவில்லை. அவசரத் தையல் வேறு. "இன்னொரு கூடை பறிச்சிட்டு வாங்க" என்று கணவனை அனுப்பினாள். கூடை நிரம்பி வந்தது. தையல் நினைப்பிலேயே கழுவிக் கொட்டிக் கிண்டினாள்.

முதல் பாட்டில் நாத்தனாருக்கு. அவளுக்குத் தைத்த சட்டையில் கை குட்டையாகிப்போக, அது வாய்த்தகராறாகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. இனிப்பாக ஏதாவது போனால் கசப்பு தீராதா என்ற நப்பாசை. கணவன் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் கூடையைக் கழுவும்போது அடியில் ஒட்டியிருந்த காம்புகளைப் பார்த்தாள். சில அவளுடைய புதரின் காம்புகள், மெலிந்து தொங்குபவை. மற்றவை தடித்து, விறைப்பாக நின்றன. நசுங்கிய ஒரு பழத்தை மோந்தாள். வாசனையே இல்லை. கணவனைக் கூப்பிட்டாள்.

"எங்க பறிச்சீங்க?"

"புதர்லதான். அப்புறம் வேலியில கொஞ்சம். ரெண்டும் கறுப்புதானே?"

வேலிச்செடி வாங்கியபோது நர்சரிக்காரர் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார்: "அழகுக்கு மட்டும்தாம்மா. பழத்தை வாயில வெச்சிடாதீங்க, விஷம்." அந்த நேரம் கணவன் வேலைக்குப் போயிருந்தான். இவளும் பிறகு சொல்ல மறந்தாள்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கணவனைப் பக்கத்து வீட்டு வண்டியை வாங்கி வரச்சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. பயம் என்று நினைத்தாள். 'வேணும்னே கலந்துட்டா'ன்னு நாத்தனார் சொல்லிட்டா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாட்டில் திறக்காமல் இருந்தால், மூடி சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று வாங்கி வந்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

நாத்தனார் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"குட்டிக்கு உடம்பு சரியில்லை. காலையிலேர்ந்து வாந்தி. போன் எங்கே கிடக்குதுன்னுகூடத் தெரியலை."

உள்ளே சோபாவில் நாத்தனாரின் மகள் குட்டி சுருண்டு கிடந்தாள். உதட்டோரத்தில் கருநீலக் கறை. மேஜையில் பாட்டில் பாதி காலி.

தையல்காரி குட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். எதையோ தின்று அஜீரணம் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் போகலாம்தான். ஆனால் என்ன தின்றது என்று தெரியாமல் டாக்டர் என்ன செய்வார்?

"அண்ணி, ஜாம்லதான் தப்பு. வேலிப்பழம் கலந்துடுச்சு. விஷப்பழம். நான் பார்க்கலை." சொல்லிவிட்டு அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள். "பாட்டிலை எடுத்துக்கிட்டு வா!" என்ற குரல் மட்டும் கேட்டது. அதோடு கூடையிலிருந்த காம்புகளையும் கொண்டுவரக் கணவனை வீட்டுக்கு விரட்டினாள் தையல்காரி.

டாக்டர் பாட்டிலையும் காம்புகளையும் பார்த்தார். பழம் இன்னதென்று தெரிந்ததால் வீண் சோதனை வேண்டியிருக்கவில்லை. குட்டியின் கையில் ஊசி ஏறியது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஓங்கரிக்கும் ஒவ்வொரு முறையும் தையல்காரி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். நாத்தனார் எதிர்ச் சுவரையே வெறித்திருந்தாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

திடீரென்று நாத்தனார் திரும்பினாள்.

"கிண்டும்போது நீ ருசி பார்த்திருப்பியே?"

"ஆமா அண்ணி... கரண்டி கரண்டியா."

"வயிறு வலிக்குதா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழியெல்லாம் பிசைந்தது பயம் மட்டுமில்லை. நாத்தனார் எழுந்து, "டாக்டர், இவளையும் பாருங்க! இவளும் தின்னிருக்கா!" என்று கத்தினாள்.

இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் குட்டி வாந்தி நின்று, "பசிக்குது அத்தை" என்று இவளைப் பார்த்துச் சொன்னாள். தையல்காரி போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் கணவன் வேலியை வேரோடு தோண்டி எறிந்தான். புதரில் அவன் கை வைக்கவில்லை. குட்டி பிழைத்துவிட்டாலும், நாத்தனார் வீட்டில் யாரும் ஜாமைத் தொட ரொம்ப நாளாயிற்று.