பச்சை இலைப் பெட்டி

அந்தப் பெரிய கடையின் கடைசி வரிசையில், பச்சை இலை முத்திரை போட்ட சலவைத்தூள் அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவள் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் பச்சையக்கா. ஆற்றைக் கெடுக்காது, கையை அரிக்காது என்று சொல்லி முடித்ததும், சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்த வரியைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்: "எங்க வீட்லயும் இதுதாங்க." அந்த வரிக்குத்தான் பெட்டி நகரும்.

அவள் வீட்டில் அது ஏது? சாதாரணத் தூளைவிட மூன்று மடங்கு விலை. அவள் தெருக்கடைக்காரர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பூமியைக் காப்பாற்றுவதற்கும் பை கனமாக இருக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய? காட்சிக்கு வைத்திருந்த காலிப் பெட்டி ஒன்றை எடுத்துப்போய், மலிவுத் தூளை அதில் கொட்டி வைத்திருந்தாள். ஈரம் படாத நல்ல பெட்டி. கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை.

கைக்குழந்தையோடு வந்து தங்கிய நாத்தனார் கண்ணில் அது பட்டது.

"அண்ணி, பாப்பா துணிக்கும் இதையே போட்டுக்கறேன். டாக்டர் இதைத்தான் சொன்னாரு. எங்களால எங்க வாங்க முடியுது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.

வார முடிவில் நாத்தனார் கடைக்கே வந்து நின்றாள். தோளில் குழந்தை, கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"இந்தத் தூள்லதான் துவைச்சேன். புள்ளை ராத்திரியெல்லாம் அழுவுது."

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "எங்க பொருளாலயா? இருக்காதும்மா. நீங்களே சொல்லுங்கக்கா, உங்க வீட்லயும் இதானே?"

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பார்களே, அந்த இடம். உண்மையைச் சொன்னால் வேலை போகும். மறைத்தால் குழந்தையின் தோல் இன்னும் புண்ணாகும். குழந்தை கழுத்தைச் சொறியப் பார்த்தது. அவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"எங்க வீட்ல பெட்டி மட்டும்தான் சார் இது. உள்ள இருக்கறது சாதாத் தூளு."

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை, பொருள் மேல தப்பில்ல. இதை இங்க பேச வேணாம்," என்றார்.

நாத்தனார் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள், விலையைப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா தள்ளுவண்டியோடு வந்து நின்றார். "இது நல்லாருக்குமாம்மா?"

சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரும்தான்.

"எங்க வீட்லயும் இதுதாங்க," என்றாள் பச்சையக்கா.

நாத்தனார் குழந்தையின் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். நாத்தனார் திருப்பி வைத்த அதே பெட்டியை எடுத்து அந்த அம்மாவின் வண்டியில் வைத்தாள் அவள்.