கதவு அளவுப் படங்கள்

மெதுவாகத் திறக்கிற இணையப் பக்கங்களை வேகமாகத் திறக்க வைப்பதுதான் மும்பையில், செம்பூர் கம்பெனியில் எனக்கு வேலை. அதில் என்னை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். தாராவியில் பிறந்து, சயானில் படித்து, இந்த நாற்காலிக்கு வந்தவளுக்கு இந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்படிப்பட்டவளின் அண்ணன் கடையின் இணையப் பக்கமே திறக்கவில்லை என்று செய்தி வந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

அண்ணன் வெயிலுமுத்து தோல் பை தைக்கிறவன். மதினி செண்பகவல்லி கைப்பிடி தைப்பாள். அவள் தைத்த கைப்பிடி அறுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் இத்தனை வருடமும் பைகள் ஒரு தரகர் வழியாகத்தான் போயின. கடையில் அவற்றின் மேல் வேறு யாருடைய பெயரோ இருக்கும். ஒரு தடவையாவது சொந்தப் பேரில் ஓர் ஆர்டர் வர வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்காகத்தான் நான் அழகாக ஒரு பக்கம் செய்து, பாஸ்வேர்டையும் அவன் கையில் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

மாட்டுங்கா ராஜலக்ஷ்மி மேடம் ஒரு மருத்துவ மாநாட்டு கமிட்டியில் இருக்கிறார். வருகிற டாக்டர்களுக்குக் கொடுக்கத் தோல் பை தேடிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்துதான் குரல் செய்தி.

“மாட்டுங்கால ட்ரெய்ன் ஏறினப்போ உங்க பக்கத்தை அமுக்கினேன்மா. ரெண்டு ஸ்டேஷன் தாண்டி குர்லாவே வந்தாச்சு, இன்னும் சுத்திண்டே இருக்கு. திங்கட்கிழமை கமிட்டில எல்லாரும் அவாவா ஃபோன்லதான் பாப்பா. அதுக்குள்ள சரி பண்ணிடுங்கோ. இல்லேன்னா வேற ஆள்கிட்ட போயிடுவா.”

சனிக்கிழமை காலையிலேயே அண்ணன் பட்டறைக்குப் போய்விட்டேன். லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஊர்க் கோயில் கொடை வீடியோ, நையாண்டி மேளத்தோடு தானாக ஓடுகிறது. அதற்குக் கீழே பெரிய மாமா. அப்புறம் சின்ன மாமா, சித்தப்பாமார், மச்சான்மார், சம்பந்திகள். அத்தனை பேரையும் தாண்டி, அடியில், ஏழை வீட்டு விருந்தாளி மாதிரி ஒதுங்கிக் கிடந்தன பைகள்.

“என்னண்ணே இது? கடையா, காதுகுத்து போர்டா?”

“சொந்தபந்தம் இல்லாம என்னட்டி கடை?” என்றான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கடை திறப்போ சடங்கோ, ஃப்ளெக்ஸ் போர்டில் உறவுக்காரர் படமெல்லாம் வந்தாக வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் அடுத்த விசேஷத்தில் அவர் கை நனைக்க மாட்டார். இணையப் பக்கத்தையும் அண்ணன் அப்படி ஒரு போர்டாகவே பார்த்துவிட்டான். ஒன்றைக் கவனித்தேன். படங்களில் இருந்தது முழுக்க ஆம்பிளைகள். கைப்பிடி தைக்கிற மதினி இல்லை, பக்கத்தைச் செய்த நானும் இல்லை. வீட்டுப் பெண்களைப் போர்டில் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சுருக்கென்றது. இருக்கிற வேலையை முதலில் பார்ப்போம் என்று விழுங்கிக்கொண்டேன்.

“எனக்கு டக்குனு வருதே! ஏக்தம் ஃபாஸ்ட்” என்று தன் ஃபோனை நீட்டினான்.

“நீ தெனமும் தொறந்து மாமாவப் பாக்க. அந்தப் படமெல்லாம் உன் ஃபோனுக்குள்ளயே தங்கிட்டு. புதுசா பாக்கவங்களுக்கு வரணும்லா?”

மதினியின் ஃபோனில் திறந்து காட்டினேன். அவள் ஒரு கைப்பிடியைத் தைத்து முடித்து நூலையும் அறுத்துவிட்டாள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் முகம் சுண்டிவிட்டது.

“அதுக்காக மாமா படத்தத் தூக்கச் சொல்லுதியா? அவிய மூஞ்சில நான் முழிக்க வேண்டாமா?”

“ஒருத்தரையும் தூக்க வேண்டாம். கதவு அளவுப் படத்த அப்படியே ஏத்திட்டு, தீப்பெட்டி அளவுல காட்டுத. கதவு முழுசா வந்து எறங்குன பொறவுதான் தீப்பெட்டி தெரியும். படத்தச் சின்னதாக்கி ஏத்துதேன். பையெல்லாம் மேல வரட்டும். கீழ தள்ளிப் பாக்கவங்களுக்கு மட்டும் மாமா வரட்டும்.”

“மாமாவக் கீழயா?”

“பந்தியில உக்காந்தவனுக்குத்தான சோறு வைப்ப? அடுத்த பந்திக்காரனுக்கும் இப்பமே எலை போட்டு வெளம்புவியா?”

அண்ணன் யோசித்தான். மதினி தலை நிமிராமல், “பை வாங்கப் போறது மாமாவா?” என்றாள். அவன் ஒரு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

உட்கார்ந்தேன். படங்களைச் சுருக்கினேன். வீடியோவை, தொட்டால் மட்டும் ஓடும்படி மாற்றினேன். மாமா கூட்டத்தை, கீழே வந்தால் மட்டும் இறங்கும்படி நிறுத்திவைத்தேன். சோதித்தது ஆபீஸ் லேப்டாப்பில் அல்ல. சிக்னல் சாகக் கிடக்கிற பட்டறை மூலையில், மதினி ஃபோனில், தங்கியிருந்த பழசையெல்லாம் அழித்துவிட்டு. அவள் ஊசியில் நூல் கோத்து முடிக்கவில்லை, பைகள் பளிச்சென்று வந்து நின்றன. எத்தனையோ கம்பெனிகளின் பக்கங்களுக்கு இதைச் செய்திருக்கிறேன். எதற்கும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மேடம் கூப்பிட்டார்.

“தொட்ட உடனே வந்துடுத்துமா. எங்க தலைவர் கீழ வரைக்கும் தள்ளிண்டு போய், யாரு இவாள்லாம்னு கேட்டார். குடும்பம்னேன். இத்தனை பேர் இருக்கா, எங்கயும் ஓடிட மாட்டான்னு சிரிச்சுண்டே சரின்னுட்டார். பைக்கு உள்ள உங்க அண்ணா பேரையே போட்டுக்கலாம்.”

அண்ணனுக்குச் சொன்னேன். “எம்பேரா?” என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் மூக்கை உறிஞ்சினான்.

அந்த வாரக் கடைசியில், செம்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மதினி கூப்பிட்டாள். “ஏட்டி மாரி, பக்கம் மறுபடியும் சுத்துது. உங்க அண்ணன் என்னத்தையோ ஏத்திருக்காவ.”

எனக்கு வந்த கோபத்தில் பஸ் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும். பக்கத்தைத் திறந்தேன். மேலே ஏதோ ஒரு படம், கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் பட்டறைக் கதவின் நிலை. அப்புறம் இரண்டு நெற்றிகள். ஒன்றில் மதினியின் பெரிய பொட்டு. அப்புறம் கண்கள். அதில் ஒரு ஜோடி என்னுடையது. போன சனிக்கிழமை, பைகள் வந்து நின்றதும் நாங்கள் இருவரும் ஃபோனைப் பார்த்துச் சிரித்தபோது அண்ணன் எடுத்திருக்கிறான். கதவு அளவுப் படம், அப்படியே ஏற்றியிருக்கிறான், மாமாவுக்கு மேலே, பைகளுக்கும் மேலே. அடியில் எழுதியிருந்தான்: ‘கைப்பிடி: செண்பகவல்லி. பக்கம்: மாரீஸ்வரி.’

அண்ணனைக் கூப்பிட்டேன். “மாமா கேட்டா என்னண்ணே சொல்லுவ?”

“கேக்கட்டும்ட்டி. நான் பேசிக்கிடுதேன்.”

கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட் அம்மாள் என்னையே பார்த்தாள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைச் சுருக்கினேன். வேலை வேலைதான். ஆனால் அதை இருந்த இடத்திலிருந்து ஒரு இம்மிகூட நகர்த்தவில்லை.