தட்டு தூக்குகிறவர்கள்

கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், அண்ணி. காடியில் ஏறி வரும்போது முறுக்கு சாப்பிட்டிருக்கிறீர்கள். எண்ணெய் விரல் பட்டால் தேக்கு அதை விடாது.

புனிதவதி இதைச் சொல்லவில்லை. "உக்காருங்க அண்ணி. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றுதான் சொன்னாள்.

இராஜம்மா உட்காரவில்லை. சுவர் அலமாரி முன்னால் நின்று, அறுபது ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கில் யாரோ இழைத்து இழைத்துச் செய்த தட்டின் விளிம்பைச் சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பது போல அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணன் வரலயா?"

"காடியிலயே இருக்காரு, ஏர்கோன் போட்டுக்கிட்டு. நாங்க டக்குனு எடுத்துட்டு கெளம்பிருவோம்லா."

எடுத்துட்டு என்ற சொல் புனிதவதியின் காதில் விழுந்தது. அவள் அதைக் கேட்காதது போல் இருந்துவிட்டாள். நேற்று அண்ணி தொலைபேசியில், "நாளைக்கு நானும் லோஷினியும் வர்றோம், முக்கியமான விஷயம்" என்று சொன்னதிலிருந்தே அவள் வேறொன்றைக் கேட்கத் தயாராகியிருந்தாள். லோஷினிக்கு அடுத்த மாதம் பரிசம். அண்ணன் லோகேஸ்வரனுக்கு அவள் ஒரே மகள். புனிதவதிக்கு அதுவும் இல்லை. இரட்டைச் சடை பின்னி, மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவள் அவள்தான். அவர்கள் குடும்பத்தில் பரிசத்தன்று பெண் வீட்டு வரிசையில் முதல் தட்டைத் தூக்குவது அத்தை. புனிதவதியின் பரிசத்துக்கும் அப்படித்தான் நடந்தது.

அதனால் காலையிலேயே வீட்டைக் கூட்டி, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டி, யாருக்கும் எடுக்காத வெள்ளைக் கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சொல்லியும் பார்த்தாள்: "நான் எதுக்கு அண்ணி, வேற யாரையாச்சும் கூப்பிடுங்க." அதை ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சொன்னால் அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடும்.

வந்தவர்கள் கையில் வெற்றிலைத் தட்டு இல்லை. லோஷினி ஒரு பழைய நாளிதழ்க் கட்டை அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். தட்டு காடியில் இருக்கும், குங்குமத்தை எப்படி நீட்டுவது என்று தயங்கியிருப்பார்கள் என்று புனிதவதி தானாகவே ஒரு சமாதானம் செய்துகொண்டு கோப்பி கலக்கப் போனாள்.

அவள் கணவர் ரவீந்திரன் இறந்து நான்கு ஆண்டுகளாகின்றன. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். நல்ல மனிதர், சத்தமான மனிதர். முன்னறைச் சுவர் முழுவதும் அவருடைய காற்பந்துக் கோப்பைகளும், தொலைக்காட்சிப் பெட்டிக்கான பெரிய அலமாரியும்தான் இருந்தன. அவர் போன பிறகு கோப்பைகளை அவருடைய தம்பி எடுத்துப்போனார். அலமாரி செல்லரித்திருந்தது, அதுவும் போயிற்று. அதன் பிறகு ஒரு நாள் உலு யாமில் பழைய இரும்புக் கடை ஒன்றில், சாக்கடை மூடி தேடப் போன இடத்தில், கருப்பு இரும்பில் மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்றைப் பார்த்தாள். ஒரு பூவும் இல்லை, ஒரு சாமியும் இல்லை. தேவையான அளவுக்கு மட்டும் வளைந்து, அங்கேயே நின்றுவிட்ட இரும்பு. எடை போட்டுத்தான் விற்றான் சீனன். காலியான சுவருக்கு முன்னால் அதை வைத்தபோது, இத்தனை வருடமும் இந்த வீட்டில் தன் கண்ணுக்கு உட்கார ஓர் இடம் இல்லாமல் இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு கிள்ளானில் பழைய சாமான் கடைகள், பிறகு இணையம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கிராணியாகக் கணக்கும் கடிதமும் எழுதும் ஒரு பெண்ணுக்கு டென்மார்க், சுவீடன், நார்வே தட்டுமுட்டுச் சாமான்களில் இத்தனை விவரம் எதற்கு என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. அந்த நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அவள் ஊரான புக்கிட் பெலிம்பிங்கில் மூன்று மணிக்கு மெழுகுவர்த்தியே வெயிலில் தளர்ந்து வணங்கிக்கொண்டு நிற்கிறது. ஏற்றலாமென்றால் ஃபேனை அணைக்க வேண்டும், அணைத்தால் மனிதன் அவிந்துபோவான். சுவீடன் தட்டில் ஒருமுறை ரசம் சோறு சாப்பிட்டாள். ரசம் மேசைக்குப் போயிற்று. ரசம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அந்தத் தட்டைச் செய்தவன் யோசிக்கவே இல்லை.

அவள் துக்கத்தில் இப்படி ஆகிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அலமாரி முழுக்க மெழுகுவர்த்தித் தாங்கி என்று இராஜம்மா ஊரில் சொல்லி வைத்ததில், புனிதா மதம் மாறிவிட்டாள் என்று பேச்சு எழுந்து, கோயில் கமிட்டி செல்லன் ஒரு நாள் வந்து, சிலுவை எங்காவது தென்படுகிறதா என்று கண்ணால் துழாவியபடியே இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவள் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. அவர்கள் துக்கம் என்று நினைத்தது சந்தோஷம் என்பதைவிட, மதம் மாறிவிட்டாள் என்பது எல்லாருக்கும் ஏற்றுக்கொள்ளச் சுலபமாக இருந்தது.

கோப்பியோடு அவள் திரும்பி வந்தபோது லோஷினி அலமாரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சீரியஸா சொல்றேன், நம்ம முழு ஃபேமிலிலயும் டேஸ்ட் உள்ள வீடு இதுதான். அம்மா ஷோகேஸப் பாருங்க, பத்து யானை."

"யானை ராசிடி" என்றாள் இராஜம்மா.

"என் பரிசம் தீம் என்னன்னு கெஸ் பண்ணுங்க அத்தை. ஸ்கண்டி மினிமல்! தேக்கு, கருப்பு, வெள்ளை, அவ்ளோதான். பிளாஸ்டிக் மயில் நோ. செலஃபன் பேப்பர் நோ. ஜிகினா நோ."

"ஜிகினா இல்லாம என்னா பரிசம்? எழவு வீடு மாரி..." இராஜம்மா பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு புனிதவதியைப் பார்த்தாள். புனிதவதி சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சோ, இந்தத் தேக்குத் தட்டெல்லாம் வேணும் அத்தை. தேங்கா, வெத்தல, பழம் வைக்க. அந்த இலை டிசைன் பவுல் மஞ்சளுக்கு. கருப்பு கேண்டில் ஹோல்டர் எல்லாம் ஸ்டேஜ்ல. காடில பாக்ஸ் கொண்டாந்திருக்கோம்."

"அது இலை இல்லடி, தாமரை போட்ட கிண்ணம். மங்களகரமா இருக்கு" என்று இராஜம்மா ஒப்புதல் தந்தாள். "அந்தக் கருப்பு இரும்புதான் கண்ண உறுத்துது. நம்ம பெயிண்ட் கடையில ஸ்ப்ரே விக்கிறான். கோல்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"மா! கருப்புதான்மா பாயிண்டே!"

"எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். மாப்ள வீட்டுக்குத் தெரியுமா?"

புனிதவதி ஈரத் தேங்காயும் வெற்றிலையும் மஞ்சளும் தேக்கின் மேல் இருப்பதை நினைத்துப் பார்த்தாள். மஞ்சள் கறை போகவே போகாது. ஆனாலும் தன் மனம் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதை ஓர் ஆச்சரியத்தோடு கவனித்தாள். கறை படட்டும். அந்தக் கறையைக் காட்டி, இது லோஷினி பரிசத்தில் பட்டது என்று பத்து வருடம் சொல்லலாம். அவள் மனம் வேறொன்றுக்குக் காத்திருந்தது. அதை அவர்கள் சொல்வதாக இல்லை என்று தெரிந்ததும் அவளே கேட்டாள்.

"தட்டெல்லாம் யார் தூக்குறாங்க அண்ணி?"

இராஜம்மா கோப்பியை உறிஞ்சினாள். "மொதத் தட்டு எங்க அக்கா. அப்புறம் பக்கத்து வீட்டு தாயம்மா, அவுங்க மருமக. லோஷினி ஆபீஸ்லேர்ந்து ரெண்டு புள்ளைங்க, போன வருசம் கல்யாணம் ஆனதுங்க. அப்புறம் நம்ம சேது சம்சாரம்."

"சேது இப்ப கலும்பாங்ல வேற வீட்லல்ல இருக்காரு? வேற ஆளோட?"

"அதுக்கென்னா? ஆளு இருக்காருல்ல."

அதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. சேது இருக்கிறார். கலும்பாங்கில் வேறொருத்தி சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, இங்கே மனைவியின் நெற்றியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். முப்பது வருடம் ஒரு நாளும் வெளியே தங்காமல் வீட்டுக்கு வந்த ரவீந்திரன், ஒரே ஒரு நாள் வராமல் போனதற்குத்தான் மன்னிப்பு இல்லை.

"ஒனக்கும் பெரிய வேலை இருக்கு புனிதா" என்று இராஜம்மா குரலில் தேன் கலந்தாள். "சாப்பாட்டுப் பக்கம். கேட்டரிங்காரனுங்க கோழிய ஒளிச்சி வச்சிருவானுங்க. பின்னாடி நீ ஒரு ஆளு நின்னாதான் எனக்கு நிம்மதி."

லோஷினி நாற்காலியின் நுனிக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, ஐ பெர்சனலி இதெல்லாம் நம்புறதே இல்ல. மாப்ள சைடு கொஞ்சம் ட்ரெடிஷனல். நீங்க புரிஞ்சிக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். யூ ஆர் சோ ஸ்ட்ராங், அத்தை."

வலிமையானவள் என்று யாராவது சொன்னால் எதையோ தூக்கி நம் தலையில் வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இங்கே தட்டைக்கூட வைக்கவில்லை.

பாராட்டைக் கையிலேயே விட்டுவிட்டு லோஷினி எழுந்து நாளிதழை விரித்தாள். முதலில் எடுத்தது ஓரம் மேல்நோக்கி மடிந்த பெரிய தேக்குத் தட்டை. அதைப் புனிதவதி இணையத்தில் ஓடன்சே நகரத்து இங்கர் என்ற பெண்ணிடம் வாங்கியிருந்தாள். கணவர் இறந்த பிறகு பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போவதால் விற்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். அதை நினைத்ததும் புனிதவதிக்கு உள்ளே சிரிப்பு வந்தது. இந்தத் தட்டு ஒரு விதவை வீட்டிலிருந்து வந்தது அண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இராஜம்மா சூடு பட்டவள் போல் அதைக் கீழே போடுவாள். அலமாரியில் இருப்பதில் முக்கால்வாசி அப்படித்தான், செத்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது வந்தவை. மங்களகரமான தாமரைக் கிண்ணம் உட்பட. சொன்னால் பெட்டி காலியாகவே காடிக்குத் திரும்பும். யாரும் யாரையும் மறுத்ததாக இருக்காது. இராஜம்மாவே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிடுவாள்.

வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இங்கரையும், தன்னையும், சேர்த்து அதே பின்கட்டுக்குத் தானே அனுப்பிவைப்பதாகும் என்று தோன்றியது. அவள் அதை விழுங்கினாள்.

"அத வச்சிரும்மா" என்றாள். "நான் தர்றதா இல்ல."

லோஷினி தட்டோடு நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னா புனிதா, வெளையாடுறியா?" என்றாள் இராஜம்மா. "பொண்ணோட பரிசத்துக்குக் கேக்குறோம். ஒடைஞ்சா மாத்தித் தர மாட்டோமா? அந்த ஸ்ப்ரே வேணாம்னா வேணாம்லா. அதுக்குப் போயி..."

"ஸ்ப்ரேக்கு இல்ல அண்ணி."

லோஷினிக்குப் புரிந்துவிட்டது. தட்டை மடியில் வைத்தபடியே அவள் யோசித்தாள். கோலாலம்பூரில் பெரிய நிறுவனத்தில் தகராறுகளைத் தீர்த்துவைப்பதுதான் அவள் உத்தியோகம். முகம் தெளிந்தது.

"ஓக்கே அத்தை, இப்படி செய்யலாம். நீங்களும் ஒரு தட்டு தூக்குங்க. கடைசி ஆளா வாங்க. குங்குமத் தட்டு வேணாம், கேண்டில் வச்ச தட்டு, அது சும்மா டெக்கரேஷன்தானே, அதுல சாமி விஷயம் ஒண்ணும் இல்ல. மாப்ள சைடு கவனிக்க மாட்டாங்க. வீடியோவுல வேணும்னா கட் பண்ணிக்கலாம். ஓக்கேவாம்மா?"

இராஜம்மா கூரையைப் பார்த்தாள். பிறகு பெருந்தன்மையோடு, "கடைசின்னா பரவால்ல" என்றாள்.

புனிதவதியின் நெஞ்சு ஒரு தடவை துள்ளியது. அந்தத் துள்ளலைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை. காலையிலிருந்து, இல்லை, அந்தப் பெண்ணுக்குச் சடை பின்னிய நாளிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. ஒரு நொடி அவள் மனதுக்குள் பரிச மண்டபத்தில் தட்டோடு நடந்தும்விட்டாள். நேற்றைக்கே யாராவது, ஒன்றும் கேட்காமல், வெறுங்கையோடு வந்து, "நீ வா" என்று மட்டும் சொல்லியிருந்தால் அலமாரியையே பெயர்த்துக் கொடுத்திருப்பாள், கோல்ட் ஸ்ப்ரேயையும் அவளே வாங்கி அடித்திருப்பாள். இப்போது தட்டுக்கு வாடகையாகத் தன்னைத் தருகிறார்கள். தன்னையே தனக்கு, கடைசி வரிசையில், வெட்டிவிடக்கூடிய நீளத்தில்.

லோஷினி காத்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட வெளிச்சம் அவள் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அதை அணைப்பதுதான் புனிதவதிக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேணாம்மா" என்றாள்.

"எது வேணாம் அத்தை? தட்டு தூக்குறதா?"

"அதுவும்."

"கோவமா அத்தை?"

"இல்லம்மா."

நிஜமாகவே கோபம் இல்லை. இருந்திருந்தால் குரல் உயர்ந்திருக்கும், அண்ணன் காடியிலிருந்து இறங்கி வந்திருப்பார், ஏதாவது ஒரு வழியில் தட்டும் போயிருக்கும். அவள் குனிந்து, லோஷினியின் மடியிலிருந்த தட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்தாள். லோஷினி உடனே விடவில்லை. புனிதவதி இழுக்கவும் இல்லை, பிடித்தபடி நின்றாள்.

"அப்ப சாப்பாட்டுப் பக்கம்?" என்றாள் இராஜம்மா. குரலில் இப்போது தேன் இல்லை, உண்மையான கவலை இருந்தது.

"வேற யாரையாச்சும் கூப்பிடுங்க அண்ணி" என்றாள் புனிதவதி.