கூட்டிச் சொன்ன எட்டு

“மத்தவங்க வீட்டுலல்லாம் எவ்வளவு சேத்துச் சொல்றாங்க?” என்று அண்ணன் கேட்டபோது, நான் அண்ணியின் பெயருக்கு நேரே தொண்ணூற்று நான்கு என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன் போடத் தயாராக இருந்தேன்.

“என்னத்தச் சேத்து?”

“திருத்தம்தான். மீட்டர் காட்டுறதோட நான் எட்டு சேக்கறேன். எல்லாருக்கும் எட்டுதானா, இல்ல தெருவுக்குத் தெரு மாறுதா? உங்கிட்டதான் ஊர்க் கணக்கு பூரா இருக்குமே, அதான் கேட்டேன்.”

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், சரியாகக் கேட்கவில்லையோ என்று. சரியாகத்தான் கேட்டிருந்தது.

நான் நகராட்சியில் குடிநீர் வரிப் பிரிவு எழுத்தர். நோய் வந்ததும் எங்களையெல்லாம் கூட்ட அறையில் வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துவிட்டார்கள். நோய் கண்டு வீட்டில் அடைபட்டிருப்பவர்களைக் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டு, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டு, கணினியில் போட வேண்டும். எண் குறைந்தால் அந்தப் பெயர் சிவப்பாகும், ஆம்புலன்ஸ் போகும். பச்சையாக இருந்தால் அந்த மனுஷர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் கவலையில்லை. தொண்ணூறுக்குக் கீழே போனால் சிவப்பு என்று காலை வரை இருந்தது. மதியம் ஒரு உத்தரவு வந்து அதை எண்பத்தைந்து ஆக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, அதனால் ஒரு உடம்புக்குத் தேவையான காற்றின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபம்.

அண்ணிக்கு நோய் என்று தெரிந்ததும் அவர்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். போய்ப் பார்க்க வழியில்லாததால், குரலையாவது கேட்கலாமென்று கெஞ்சிக் கூத்தாடி அந்தத் தெருவை என் கணக்கில் வாங்கிக்கொண்டேன். சில நாளாக அண்ணியின் எண் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து என்று ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, “அண்ணி கல்லு மாதிரி இருக்காங்க, நீ நிம்மதியாத் தூங்கு” என்று சொன்னதும் நான்தான்.

“அண்ணா, மீட்டர் இப்ப என்ன காட்டுது? சேக்காமச் சொல்லு.”

“எண்பத்தி ஆறு. ஆனா அது நிஜமில்ல, வாலு. அதத்தான் சொல்ல வர்றேன்.”

அண்ணன் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். திருகு அளவியைப் பையன்கள் கையில் கொடுத்ததும் அவன் முதலில் கேட்பது சுழிப்பிழை எவ்வளவு என்பதுதான். கருவி எதையும் அளக்காமல் சும்மா இருக்கும்போது எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று பார்த்து, கடைசியில் அதைக் கூட்டியோ கழித்தோ சொல்ல வேண்டும். திருத்தாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. நல்ல வாத்தியார்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேறு ஆள். பூமி யாரையும் இழுக்கவில்லை, வானம்தான் நம்மை அழுத்துகிறது என்பான். எங்கும் ஈதர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று நிறைந்திருக்கிறது, வெளிச்சமே அதன் வழியாகத்தான் வருகிறது, அதை விஞ்ஞானிகள் அவசரப்பட்டுக் கைகழுவிவிட்டார்கள் என்பான். சொந்தபந்தத்தில் அவனுக்குப் பெயரே ‘ஈதர்’தான். அவன் வருகிறான் என்றாலே என் வீட்டுக்காரர் கடைக்குப் போகக் கிளம்பிவிடுவார். நான் மட்டும் உட்கார்ந்து கேட்பேன். கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பேன். அவனும் கோபித்துக்கொள்ளாமல் கூடச் சிரிப்பான்.

இப்போதும் அதே உற்சாகத்தோடுதான் பேசினான். “ஊரே அடங்கிக் கெடக்குல்ல? வண்டி இல்ல, ஆலை இல்ல, ரயில் இல்ல. ஈதரக் கலக்கி விட எதுவுமே இல்ல. அது அப்படியே படிஞ்சு கெட்டியாயிடுச்சு. கெட்டியானா வெளிச்சம் திணறும். இந்த மீட்டர் வெளிச்சத்த விரலுக்குள்ள விட்டுத்தானே அளக்குது? அப்ப கொறச்சுத்தானே காட்டும்? அரசாங்கம் இத யோசிக்கவே இல்ல பாரு. ஊரடங்கு போட்டதும் அவங்கதான், மீட்டரத் திருத்தாம விட்டதும் அவங்கதான்.”

வாயில் வந்தபடி திட்டினேன். நீ வாத்தியாரா, உனக்கு மூளை இருக்கா, அண்ணிய நீ என்ன பண்ணி வச்சிருக்கன்னு தெரியுதா என்று கத்தினதில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, “நான் என்ன வாய்க்கு வந்ததச் சொல்றேனா? அளந்து பாத்துத்தானே சொல்றேன்” என்றான்.

“எட்டுன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?”

“என் விரல்ல வச்சுத்தான். எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. எனக்கு தொண்ணூத்தி ஒம்போது காட்டணும். தொண்ணூத்தி ஒண்ணு காட்டுது. எட்டு பிழை. மொதல்ல நாலுதான் இருந்துச்சு, அப்புறம் ஆறாச்சு, இப்ப எட்டு. நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போகுது, வாலு. ஈதர் எவ்வளவு வேகமா கெட்டியாகுதுன்னு…”

அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினான். பிறகு தொடர்ந்தான்.

நான்கு, ஆறு, எட்டு. இவனும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறான். அண்ணி இறங்க இறங்க இவனும் கூடவே இறங்கியிருக்கிறான், அதனால்தான் அந்தத் தொண்ணூற்று நான்கு ஆடாமல் நின்றது. அய்யோ, இந்த எண்ணை வைத்துக்கொண்டா அம்மாவைத் தூங்கச் சொன்னேன்! ஒரு வீட்டில் இரண்டு பேர் மூழ்கிக்கொண்டிருக்க, நான் இங்கே உட்கார்ந்து பச்சை பச்சையாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வாதம் பண்ணுவான், வாதத்துக்கும் மூச்சு வேண்டும். “வீடியோவ போடு, வச்சுடாத” என்று மட்டும் சொன்னேன்.

எண்பத்தாறு என்று திருத்திப் போட்டாலும் பச்சைதான். மதியத்து உத்தரவு. எண்பது என்று போட்டேன். போட்ட எண்ணை மாற்றினால் மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டும். எங்கள் அறைக்குப் பொறுப்பான டாக்டரம்மா வந்து பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“தொண்ணூத்தி நாலு எப்படிம்மா ஒரே நிமிஷத்துல எண்பதாகும்?”

“எங்கண்ணி, டாக்டர். அண்ணனுக்கும் வந்திருக்கு. அவனுக்கே தெரியல.”

நிஜமாகவே எண்பதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை ஒருமுறை மூடித் திறந்து, குனிந்து ஒப்புதல் அழுத்தினார். “ரெண்டு பேரையும் ஏத்தச் சொல்றேன். அங்க படுக்கை கெடைக்குமான்னு மட்டும் என்னக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி வரும்வரை போனை வைக்கவே இல்லை. அண்ணி கட்டிலில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் திரை நிறைய முகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தான். அவன் உதட்டில் மை ஒட்டினது போல ஒரு நிறம். இதைப் பார்க்கத்தான் வீடியோ போடச் சொன்னேனா என்று இருந்தது.

கவச உடை போட்ட பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். டிரைவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அந்தப் பெண் தன்னுடைய மீட்டரை அண்ணி விரலில் மாட்டிப் பார்த்து, வாசல் பக்கம் திரும்பி, “எழுபத்தி எட்டு. ஸ்ட்ரெச்சர் வேணாம், நாற்காலி எடுங்க, படியில திரும்பாது” என்றாள். நான் பொய்யாகப் போட்ட எண்ணையும் தாண்டி அண்ணி இறங்கியிருந்தார்.

பிறகு அண்ணன் விரலில் மாட்டினாள். எண்பத்தொன்பது.

“இதுவும் கொறச்சுத்தான் காட்டுது” என்றான் அண்ணன். ஆனால் அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேறு கருவி, வேறு கம்பெனி. அவனுக்கு அது புரியாமல் இருக்காது. மீட்டரைக் கழற்றி வாசலுக்குப் போய், டிரைவரிடம் நீட்டினான். “ஒரே ஒரு தடவ, உங்க விரல்ல வச்சுக் காட்டுங்க.”

“சார், நேரமில்ல சார்.”

“தயவு செஞ்சு.”

டிரைவர் அலுத்துக்கொண்டே ஆள்காட்டி விரலை நுழைத்தார். அண்ணன் போனைப் பிடித்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. முதலில் இரண்டு கோடு, பிறகு தொண்ணூற்று எட்டு. அது ஆடவில்லை. அண்ணன் குனிந்து பார்த்தான், இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான். டிரைவர் விரலை உருவிக்கொண்ட பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா” என்றேன். “அண்ணா, கெளம்பு. ஒண்ணும் யோசிக்காத, கெளம்பு.”

போன் பிடித்த அவன் கை தாழ்ந்து, திரை முழுக்கத் தரை வந்தது. நாற்காலியின் கால்கள், அண்ணியின் பாதங்கள். ஒரு பாதம் செருப்பைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணன் கீழே உட்கார்ந்து ஒரு செருப்பை எடுத்து அந்தக் காலில் மாட்டினான். அது மற்ற காலின் செருப்பு. கழற்றினான். பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டு அதையே மறுபடியும் அதே காலில் மாட்டினான்.