தராசுக்கு முன்னும் பின்னும்

திரையில் சிவப்பாக வந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய லயத்துப் பெண்கள், அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கும் கொழுந்து பறிப்பவர்கள். கேஷிகா மடிக்கணினியை மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். எப்போதும்போல் முதல் சந்தேகம் தன்மேல்தான். வரிக்கு வரி சரிபார்த்தாள். பிழை இல்லை.

நிர்வாகத்துக்காகத் தோட்டத் தொழிலாளரிடம் அவள் எடுத்த கருத்துக்கணிப்பு அது; கணக்குமுறை அட்டன் மாலை வகுப்பில் படித்தது. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். பதில்கள் முரண்பட்டால், கருத்தில் உறுதியில்லாதவர் என்று கணக்கு அவரை ஒதுக்கிவிடும். தேயிலைக் காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் சம்மதமா என்பது முதல் கேள்வி. நாள் சம்பள வேலையே தொடர வேண்டுமா என்பது கடைசி. சிவப்பில் வந்தவர்கள் இரண்டுக்கும் ஆமென்றிருந்தார்கள். இவர்களை நீக்கினால், மிச்சமிருப்பவர்களின் பதிலை வைத்துத் தோட்டமே பிரிக்கச் சம்மதம் என்றாகிவிடும். அதைத்தான் நாளைக் கூட்டத்தில் நிர்வாகம் வாசிக்கப்போகிறது.

மாலை நிறுவைக்குக் கொழுந்து மடுவக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மழைக் கொழுந்து. தண்ணீருக்கென்று எத்தனை கிலோ கழிப்பது என்பது நிறுவையைப் பார்க்கும் தோட்ட அதிகாரி, கண்டாக்கு செல்லசாமியின் வாயில் இருந்தது. காணியைப் பிரிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவரும் அவர்தான்.

கேஷிகா வரிசையில் நின்ற பேச்சியம்மாவின் அருகே போனாள். “என்னத்தே, அன்னைக்கு ரெண்டுக்கும் ஆமான்னுட்டீங்க?”

“மெதுவா பேசு புள்ள. சாக்கு இன்னும் நிறுக்கல.”

கேஷிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று அன்று முதல் கேள்வியை இந்த வரிசையில், செல்லசாமியின் காதுபட வைத்துத்தான் கேட்டாள். கடைசிக் கேள்வியை, நிறுவை முடித்து வெளியே வந்தவர்களிடம்.

“அப்ப நிறுவைக்கப்புறம் சொன்னதுதான நெசம்? நான் அப்படியே எழுதிடவா?”

“எழுதி எங்க தலையில மண்ணள்ளிப் போடு! நாளைக்கும் இதே தராசுலதான்டி சாக்க மாட்டணும்.”

“எழுதலைன்னா ஒங்க பேரே கணக்குல இருக்காதுத்தே.”

பேச்சியம்மா தராசுப் பக்கம் திரும்பினாள். அவளுடைய முறை வந்திருந்தது. சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

செல்லசாமி தராசைப் பார்க்காமல் கேஷிகாவைப் பார்த்தார். “என்ன புள்ள, அத்தைகிட்ட ரகசியம்? கணக்கு சரியா வந்துருச்சா? எல்லாரும் சம்மதந்தான?”

வரிசையில் எல்லோரும் கேஷிகாவின் பக்கம் திரும்பினார்கள். தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. பேச்சியம்மா ஈரக் கைகளை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“கண்டாக்கையா, மொதல்ல அத்தை சாக்கு எத்தன கிலோன்னு சொல்லுங்க, அப்பறம் கணக்கச் சொல்றேன்” என்றாள் கேஷிகா.

தராசு முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.